அம்பயருக்கே தெரியல

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த மைதானத்தில் சாஃப்ட்பால் (பந்தை அடித்துவிட்டு பேஸ்களைச் சுற்றி ஓடி ஹோமுக்குத் திரும்புகிற, பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) நடந்தாலும், வேப்பமர நிழலில் நிற்கிற கூட்டத்திலிருந்து ஒரு தடவையாவது இந்த வாக்கியம் கிளம்பிவிடும்: “ரெண்டு பேரும் கூடிப் பேசுதாவ பாத்தியா? அப்ப அம்பயருக்கே தெரியல.” சொல்கிறவர் பெரும்பாலும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். அங்கே சந்தேகம் வந்தால் மேலே உட்கார்ந்திருக்கிற மூன்றாவது அம்பயர் பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். கீழே நிற்பவர் விரலைத் தூக்கினால் போதும். பள்ளி, கல்லூரி அளவில் நடக்கிற சாஃப்ட்பாலில் பெட்டியும் இல்லை, மேலே ஆளும் இல்லை. அடிப்பவள் நிற்கிற ஹோம் பேஸுக்குப் பின்னால் ஒருவர், மற்ற பேஸ்களைப் பார்க்க உள்வட்டத்தில் ஒருவர். பந்து, அடித்தவள், ஓடுகிறவர்கள், எறிகிற கை, பேஸைத் தொடுகிற கால் என்று எல்லாவற்றையும் அந்த இரண்டு பேரும்தான் பங்குபோட்டுப் பார்த்தாக வேண்டும். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போவது இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அதைத் திறமைக் குறைவு என்று சொல்வதற்கில்லை.

ஆனாலும் அந்த வாக்கியம் முள்போல உறுத்துவதற்குக் காரணம், அதில் பாதி நியாயம் இருப்பதுதான். தேவையில்லாத கூட்டங்கள் நடக்கத்தான் செய்கின்றன. கோச் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டால், அந்தச் சூட்டைத் தணிக்க இரண்டு அம்பயர்களும் மைதான நடுவில் போய் நின்று தலையாட்டிவிட்டு, போட்ட தீர்ப்பையே திரும்பச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய கூட்டம், உண்மையிலேயே கேட்க வேண்டியதைக் கேட்கிற கூட்டத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறது. இன்டர்பியரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்கப் போகிறவளின் குறுக்கே ஓடுகிறவள் விழுந்தாளா இல்லையா என்கிற வழக்கில்தான் இந்தக் குழப்பம் அதிகம். முதல் பேஸில் காலா பந்தா எது முந்தியது என்பது ஒருவர் கண்ணோடு முடிகிற தீர்ப்பு. பக்கத்தில் நின்றவர் சொன்னால் சொன்னதுதான், அதற்குக் கூட்டம் போடுவது வீண். பிடித்த பந்து நழுவித் தரையில் விழுந்ததா, ஃபீல்டரின் கால் பேஸை விட்டு விலகியதா என்பதெல்லாம் வெறும் தகவல். அடுத்தவர் பார்த்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குறுக்கீடு இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. அதில் பாதி தகவல், பாதி தீர்ப்பு. தகவலைக் கேட்கப் போய்த் தீர்ப்பையே கடன் வாங்கி வருகிற இடத்தில்தான் வழக்கு கெடுகிறது.

விதிநூல் இதில் கண்டிப்பானது. ஓர் அம்பயர் கொடுத்த தீர்ப்பை இன்னொருவர் தானாகப் போய் மாற்ற முயலக் கூடாது, குறை சொல்லக் கூடாது. தீர்ப்பு யாருடையதோ அவர் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் மற்றவர் வாய் திறக்க வேண்டும். கேட்டுக்கொண்ட பிறகும் மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்பது முதலாமவர் கையில்தான். ஹோமில் நிற்பவர் மூத்தவராக, நாற்பது வருடம் அம்பயராக நின்றவராகவே இருக்கட்டும். பேஸ் அம்பயர் சின்னப் பையன் என்பதற்காக அவன் தீர்ப்பைத் தட்டிவிட அவருக்கு உரிமை கிடையாது. நம்மூரில் வயதுக்குக் கொடுக்கிற மரியாதை இந்த இடத்தில் கொஞ்சம் இடைஞ்சல்தான். “அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று இளையவர் விட்டுக்கொடுத்த தீர்ப்புகளை எண்ணத் தொடங்கினால் முடியாது.

வேணும்னு செய்யல சார்

குறுக்கீடு என்று அறிவித்ததும் ஓடின பிள்ளை சொல்கிற முதல் வார்த்தை இதுதான். அவள் பொய் சொல்வதில்லை. கிரிக்கெட்டின் 37-ஆம் விதிப்படி, ஃபீல்டருக்கு இடையூறு செய்ததாக ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் அவர் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். அந்த நியாயத்தை நாமெல்லாம் தெருவிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறோம். சாஃப்ட்பாலில் மட்டையால் அடிக்கப்பட்ட பந்தைப் பொறுத்தவரை அந்த நியாயம் செல்லாது. பந்தைப் பிடிக்கப் போகிறவளுக்குத்தான் வழி. ஓடுகிறவள்தான் சுற்றிப் போக வேண்டும், நிதானிக்க வேண்டும், எப்படியோ தப்பிக்க வேண்டும். முட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஃபீல்டரைத் தயங்க வைத்தாலோ குழப்பினாலோ போதும். எண்ணம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

ஃபீல்டர் எறிந்த பந்து என்றால் கதை வேறு. எறிந்த பந்து ஓடுகிறவள் முதுகில் பட்டுவிட்டது என்பதாலேயே அவள் அவுட் ஆகிவிட மாட்டாள். அவள் ஏதாவது ஒரு செயல் செய்திருக்க வேண்டும். கையை உயர்த்தியது, எறிகிறவள் பக்கம் சாய்ந்தது போன்ற ஒன்று. சில விதிநூல்களில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கும். ஆகவே அம்பயர்கள் கூடும்போது முதலில் தெளிய வேண்டியது, வழக்கு எந்தப் பந்தைப் பற்றியது என்பதுதான்: அடித்த பந்தா, எறிந்த பந்தா, யார் கையிலோ பட்டுத் தெறித்த பந்தா? இதை முடிவு செய்யாமல் பேச ஆரம்பித்தால் ஒருவர் கிழக்கே போவார், மற்றவர் மேற்கே போவார்.

இன்னொரு சிக்கல், அந்தப் பாதுகாப்பு ஒரு நேரத்தில் ஒரு ஃபீல்டருக்கு மட்டும்தான். மூன்றாம் பேஸ் ஃபீல்டரும் ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டர்) ஒரே பந்துக்கு ஓடினால், அதை எடுக்கக்கூடியவள் யார் என்று அம்பயர் தீர்மானிக்க வேண்டும். மற்றவள் மீது ரன்னர் மோதினால் அது குறுக்கீடு ஆகாது. தலைகீழாகப் போய், பந்து கையில் இல்லாமல் வழியை மறித்தாள் என்று அந்த ஃபீல்டர் மேலேயே அப்ஸ்ட்ரக்‌ஷன் விழலாம். ஒரே மோதல்; பந்து எங்கே இருந்தது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு நேர் எதிராகத் திரும்பிவிடும்.

ஷார்ட்ஸ்டாப்புக்குக் குறுக்கே

எல்லா வழக்குகளுக்கும் தாய் வழக்கு இது. ஒரு அவுட் ஆகியிருக்கிறது. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஓடக் காத்திருக்கிற ஆள். பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப் பக்கம் போகிறது. பந்து போடுகிற பிட்சர் கையிலிருந்து அது விடுபட்ட பிறகே பேஸை விடலாம் என்பதால், இரண்டாம் பேஸ் பிள்ளை சில அடிதான் நகர்ந்திருப்பாள். அவள் மூன்றாம் பேஸுக்கு ஓடுகிற பாதையும் பந்து வருகிற பாதையும் சரியாக ஷார்ட்ஸ்டாப்புக்கு முன்னால் வெட்டிக்கொள்கின்றன. பந்தை எடுக்க முன்னால் வந்த ஷார்ட்ஸ்டாப் சட்டென்று நிற்கிறாள். பந்து க்ளவ் ஓரத்தில் பட்டு இடதுபுற வெளிவட்டத்துக்கு ஓடுகிறது. இரண்டாம் பேஸ்காரி ஹோமைத் தொட்டுவிட்டாள், முதல் பேஸ்காரி மூன்றில் நிற்கிறாள், அடித்தவள் இரண்டில். அம்பயர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஃபீல்டிங் அணியின் பி.டி. சார் கோட்டைத் தாண்டி வந்து “டைம் சார்” என்கிறார்.

பேஸ் அம்பயர் எங்கே நின்றார் என்று பாருங்கள். இரண்டாம் பேஸில் ஆள் இருக்கும்போது அவர் இடம் ஷார்ட்ஸ்டாப்புக்குப் பின்பக்கம், பேஸ் கோட்டுக்கு வெளியே. ஆட்டத்துக்கு மிகப் பக்கம் அவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்தது ஷார்ட்ஸ்டாப்பின் முதுகு. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் அது சாதாரணத் தவறவிடல். குனிந்தாள், பந்து க்ளவ்வை விட்டுப் போனது, அவ்வளவுதான். ஹோம் அம்பயரோ முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஹோமுக்கு முன்னால் நகர்ந்து பந்தைக் கண்ணால் தொடர்ந்தவர். இருபது மீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலும் பந்து, ஓடுகிறவள், ஃபீல்டர் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அவர் கண்ணுக்கு முன்னால் விழுந்தன. தூரத்தைவிடக் கோணம் பெரிது என்று பயிற்சி வகுப்பில் ஆயிரம் தடவை சொல்வார்கள். ‘பக்கத்துல நின்னவருக்கே தெரியல, தூரத்துல நின்னவருக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்வி அதனால்தான் இந்த விளையாட்டில் செல்லாது.

இப்போது பேஸ் அம்பயருக்கு இரண்டு வழி. “இல்ல சார், நான் பாத்தேன், ஒண்ணும் நடக்கல” என்று திருப்பி அனுப்பலாம்; ரன்னரைத் தெளிவாகப் பார்த்திருந்தால் அதுதான் சரி. ரன்னரைப் பார்க்கவில்லை என்று அவர் மனசுக்குத் தெரிந்தால், கேட்டே ஆக வேண்டும். கோச் கேட்கச் சொன்னார் என்பது கேட்கக் காரணம் ஆகாது. தன் கோணத்தில் ஓட்டை இருந்தது என்பது காரணம். சில ஜோடிகள் ஆட்டத்துக்கு முன்பே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஹோம் அம்பயர் மார்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் ‘என்கிட்ட ஒரு தகவல் இருக்கு, வேணும்னா கேளும்’ என்று பொருள். நல்ல பழக்கம். தானாகப் போய்ச் சொல்லாமல், கேட்கிற உரிமையை மற்றவரிடமே விட்டுவிடுகிறது.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “அண்ணாச்சி, அது இன்டர்பியரன்ஸ்தானே?” என்று கேட்டால் அது தகவல் கேட்பது ஆகாது, தலையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைப்பது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தீர்ப்பு அவருடையதாகிவிடும். கோச் வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கேட்க வேண்டியது இப்படி:

“பந்து ஷார்ட்ஸ்டாப் கைக்கு வாரதுக்கு முன்னால ரன்னர் என்ன செஞ்சா?”

“ஓட்டத்த நிறுத்தினா. பந்துக்கு நேரா ஒரு நிமிசம் நின்னா. பிறவு தாண்டிக் குதிச்சா.”

“முட்டினாளா?”

“முட்டல.”

“ஷார்ட்ஸ்டாப்பு?”

“முன்னால வந்தவ அப்படியே நின்னுட்டா. பந்து க்ளவ் ஓரத்துல பட்டுப் போச்சு.”

“நின்னது முதல்லயா, பந்து பட்டது முதல்லயா?”

“நின்னதுதான் முதல்ல.”

வழக்கின் கழுத்து இந்தக் கடைசிக் கேள்வி. ஃபீல்டரின் கையில் பந்து பட்டுத் தவறிய பிறகு ரன்னர் குறுக்கே வந்திருந்தால், பாதுகாப்பு போய்விட்டிருக்கலாம். சில விதிநூல்களில் தெறித்த பந்து ஓரடி எடுத்துவைத்துக் கைநீட்டுகிற தூரத்தில் கிடந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு தொடரும். பந்து படுவதற்கு முன்பே குறுக்கே நின்றிருந்தால் குறுக்கீடு. ரன்னர் வெறுமனே ஃபீல்டருக்கு முன்னால் ஓடிக் கடந்தாள் என்பது மட்டும் குற்றமில்லை; அப்படி ஓடாமல் மூன்றாம் பேஸுக்குப் போவது எப்படி? பந்தை மறைத்து நின்றதும், அதனால் ஷார்ட்ஸ்டாப் தயங்கியதும் சேர்ந்தால்தான் குறுக்கீடு. ஹோம் அம்பயர் ‘நின்னா’ என்று சொன்னாரே தவிர ‘மறைச்சா’ என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? மறைத்தாளா என்பதைத் தீர்மானிக்கிற வேலையைப் பேஸ் அம்பயருக்கே விட்டுவிட்டார். கேட்கத் தெரிந்தவருக்குச் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் பேச்சு இப்படி அரை நிமிடத்தில் முடியும்.

ஆனால் பலர் இத்தோடு கலைந்துவிடுகிறார்கள், அங்கேதான் இரண்டாவது சண்டை முளைக்கிறது. அவுட் யார் என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? குறுக்கீடு நடந்த நொடியில் பந்து செத்துவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஓடினதெல்லாம் ஓடாததற்குச் சமம். ஆகவே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, “அந்த நேரம் ஒண்ணாவது பேஸ் பிள்ளை ரெண்டத் தொட்டுட்டாளா?” என்பது. தொடவில்லை என்றால் அவள் இடம் முதல் பேஸ்தான். ஆனால் அடித்தவளுக்கு முதல் பேஸ் கொடுக்க வேண்டியிருப்பதால் அவள் நெருக்கப்பட்டு இரண்டாம் பேஸுக்கு நகர்வாள். முடிவு: ஹோமைத் தொட்டவள் அவுட், அந்த ஓட்டம் ரத்து, மூன்றில் நின்றவள் இரண்டுக்கு, இரண்டில் நின்றவள் ஒன்றுக்கு. அவுட் இரண்டு. மூன்று பிள்ளைகளைக் கைபிடித்து நகர்த்த வேண்டியிருப்பதால், இதை முழுசாக முடிவு செய்துகொண்டு கலைவது நல்லது. அவுட்டை மட்டும் அறிவித்துவிட்டு ‘நீ எங்கம்மா இருந்த?’ என்று ரன்னரிடமே கேட்கிற அம்பயரை என்ன சொல்ல? எந்தப் பிள்ளை குறைத்துச் சொல்லும்?

அதோடு பி.டி. சார் ஓய மாட்டார். “டபுள் ப்ளே கிடைச்சிருக்கும் சார், இன்னொரு அவுட்டும் தாங்க” என்பார். விதியில் அதற்கு இடமுண்டு. டபுள் ப்ளேயை, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆவதை, கெடுக்கத்தான் குறுக்கே விழுந்தாள் என்று அம்பயருக்குத் தெளிவாகத் தோன்றினால் இன்னொருத்தியும் வெளியேறுவாள். எண்ணம் வேண்டியதில்லை என்று மேலே சொன்னது முதல் அவுட்டுக்கு. இந்த இரண்டாவது அவுட்டுக்கு எண்ணம் வேண்டும், அதுவும் வெளிப்படையாக. நின்று யோசித்துத் தடுமாறிய பிள்ளையிடம் அந்த எண்ணத்தைக் கண்டுபிடிப்பது அநியாயம். கூடிப் பேசும்போதே “டபுள் ப்ளேயக் கெடுக்க நின்ன மாதிரி இருந்துச்சா?” என்று ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொண்டால், பி.டி. சாருக்கு உடனே பதில் சொல்லலாம். மறுபடி ஒரு கூட்டம் போட்டால் அன்றைக்கு அந்த அம்பயர்களின் மரியாதை அத்தோடு சரி.

செத்த பந்து

மேலே சொன்ன வழக்கில் அம்பயர்களுக்கு ஒரு வசதி இருந்தது. யாரும் கத்தவில்லை, ஆட்டம் தானாக ஓடி முடிந்தது. பிறகு குறுக்கீடு என்று தீர்மானித்தால் ஓடினவர்களைத் திருப்பி அனுப்பலாம். எங்கே அனுப்புவது என்பதற்கு விதி இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் பேஸ்காரி இரண்டுக்கு ஓடுகிறாள், பந்து வலப்பக்கம் உருள்கிறது, இரண்டாம் பேஸ் ஃபீல்டரும் அவளும் மோதி விழுகிறார்கள். பேஸ் அம்பயர் இரண்டு கையையும் உயர்த்தி “டெட் பால்! இன்டர்பியரன்ஸ்!” என்று கத்திவிடுகிறார். எல்லோரும் நின்றுவிட்டார்கள். வலப்புற வெளிவட்டக்காரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள். இப்போது ஹோம் அம்பயரைக் கேட்டால் அவர் சொல்கிறார்: “பந்து ஃபீல்டரத் தாண்டிப் போயி ரெண்டு எட்டு ஆயிட்டு. அப்புறம்தான் முட்டினா.” அப்படியானால் அது குறுக்கீடு இல்லை. பந்து இல்லாமல் வழியில் நின்ற ஃபீல்டர் மேல் அப்ஸ்ட்ரக்‌ஷன். அதற்கு இடது கையை மடக்கிய விரல்களோடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, ஆட்டத்தை ஓடவிட்டிருக்க வேண்டும்.

செத்த பந்தை எழுப்ப முடியாது. எழுப்ப முடியாததால், எழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அம்பயர்கள் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. விதிநூல் இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது: தீர்ப்பை மாற்றியதாலோ தாமதமாகச் சொன்னதாலோ ஓடுகிறவரோ ஃபீல்டிங் அணியோ பாதிக்கப்பட்டால், அம்பயர்கள் சேர்ந்து பேசி அதைச் சரிசெய்யலாம். அடுத்த பந்து போடப்படும் வரைதான், அல்லது ஃபீல்டிங் அணி மொத்தமும் மைதானத்தின் உள்பகுதியை விட்டு வெளியேறும் வரைதான் அந்தக் கதவு திறந்திருக்கும். இந்த வழக்கில் முதல் பேஸ்காரிக்கு இரண்டாம் பேஸ் நிச்சயம், அடித்தவளுக்கு முதல் பேஸ். மூன்றாம் பேஸ் கிடைத்திருக்குமா என்பது வெளிவட்டக்காரி பந்தை எங்கே, எப்போது எடுத்தாள் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்த்தவர் ஹோம் அம்பயர் மட்டும்தான். அவருக்கும் உறுதி இல்லையென்றால் கொடுக்காமல் இருப்பதே என் கணக்கில் சரி. கத்தாமல் விட்டிருந்தால் அவளே ஓடிச் சம்பாதித்திருப்பாள்; கத்திய பிறகு அம்பயர் கையிலிருந்து அள்ளிக் கொடுப்பது ஃபீல்டிங் அணிக்கு இன்னொரு அநியாயம்.

ஆகவே குறுக்கீட்டைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மூச்சு விட வேண்டும் என்று பழையவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. மோதலைப் பார்த்ததும் கண்ணைப் பந்துக்குக் கொண்டுபோய், பந்து எங்கே என்று உறுதி செய்த பிறகு வாயைத் திறப்பது. ஒரு நொடிதான். ‘சும்மா இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கத்தினால் மாற்ற முடியாது, அதனால் எப்போதும் சும்மா இருப்போம்’ என்று இதைத் திரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது நிதானமில்லை, ஒளிந்துகொள்வது. ஓடி முடிந்த ஓட்டத்தை ரத்து செய்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்போது மைதானத்தில் எழுகிற கூச்சலை ஒருமுறை கேட்டவர்களுக்கு அதுவும் இலவசமில்லை என்று தெரியும்.

ஆடிக்காற்றும் சுண்ணாம்புக் கோடும்

நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லாமல் விட முடியாது. ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு 60 அடி. அதில் கடைசி 30 அடிக்கு, கோட்டுக்கு வெளிப்பக்கம் 3 அடி அகலத்தில் இன்னொரு கோடு போட்டு ஒரு பாதை வைத்திருப்பார்கள். அடித்தவள் அதற்கு வெளியே ஓடி, முதல் பேஸில் பந்து வாங்குகிறவளைக் கெடுத்தால் அவுட். ஹாக்கியோ கால்பந்தோ நடக்கிற மைதானத்தில் காலையில் சுண்ணாம்புப் பொடி தூவிப் போட்ட கோடு அது. ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுற்றிவிட்டு, மிச்ச வேகத்தை இந்தக் கோட்டில்தான் காட்டும். மூன்றாவது இன்னிங்ஸில் பாதை இருக்காது. திசையன்விளை பக்கத்துத் தேரி மண்ணில் போட்டால் இரண்டாவது இன்னிங்ஸ்கூடத் தாங்காது. இன்னிங்ஸ் இடைவெளியில் மறுபடி கோடு போடச் சொல்வது அம்பயர் வேலைதான், கூச்சப்படக் கூடாது.

கோடு அழிந்த பிறகு வழக்கு வந்தால் இரண்டு பேரும் குனிந்து செம்மண்ணில் கால்தடம் தேடுவதைப் பார்க்கலாம். அதைச் செய்யவே கூடாது. அது யார் தடம், எந்த ஓட்டத்தின் தடம்? கோடு நேராக யார் கண்ணுக்கு முன்னால் நீள்கிறதோ, அந்த ஹோம் அம்பயர் தீர்ப்பு அது. பேஸ் அம்பயரிடம் அவர் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: எறிந்த பந்து முதல் பேஸ் ஃபீல்டர் பிடிக்கக்கூடிய பந்தாக இருந்ததா? பெரிய இடங்களிலும் இந்தப் பாதை தலைவலிதான். 2019 உலகத் தொடர் பேஸ்பாலின் ஆறாவது ஆட்டத்தில், ஹூஸ்டனில், வாஷிங்டனின் ட்ரே டர்னரை இதே காரணத்துக்காக அவுட் கொடுத்தார்கள். தீர்ப்பு என்பதால் அதை வீடியோவில் மறுபரிசீலிக்க முடியவில்லை. விதியைச் சரிபார்க்க மட்டும் அம்பயர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் நின்றார்கள். வாஷிங்டன் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். சாஃப்ட்பாலில் முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டை பேஸ் வைப்பதால், ஓடுகிறவள் கால் வைக்க வெளியே தனி இடம் கிடைத்து இந்த மோதல் கொஞ்சம் குறைகிறது. பழைய ஒற்றை பேஸையே பூமியில் அடித்து ஆடுகிற மைதானத்தில் குறையாது.

நிற்கிற இடம், சொல்கிற வாய்

பேச எங்கே ஒதுங்குவது என்பதும் சின்ன விஷயமில்லை. பிட்சர் வட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவே, இரண்டு அணிகளின் இருக்கைகளிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும். முகமூடி இடது கையில் இருக்கட்டும். கையை நீட்டி அங்கே இங்கே என்று காட்டினால், தூரத்தில் நிற்கிற கோச் அந்தக் கையசைவிலிருந்தே தீர்ப்பைப் படித்துவிடுவார். பிள்ளைகளோ கோச்சுகளோ பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஒருவர் காதில் விழுந்த ‘எனக்கு உறுதியாத் தெரியல’ என்ற மூன்று சொல் சாயங்காலத்துக்குள் பேருந்து நிலையம் வரை போய்விடும். தலையாட்டுவதும் சிரிப்பதும் வேண்டாம்.

முடிவை அறிவிக்க வேண்டியவர் தீர்ப்புக்கு உரியவர். ஹோம் அம்பயர் தகவல் கொடுத்தார் என்பதற்காக அவரே கையை உயர்த்தினால், மேலே கட்டிய எல்லாம் இடிந்துவிடும். பேஸ் அம்பயர் திரும்பி நின்று, சத்தமாக: டெட் பால், இன்டர்பியரன்ஸ், இந்த ரன்னர் அவுட். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகப் பேஸைக் காட்டி நிறுத்த வேண்டும். அதன் பிறகு ஹோம் அம்பயர் ஸ்கோரரிடம் போய் ஓட்டம் ரத்து, அவுட் இரண்டு என்று வாயால் சொல்ல வேண்டும். ஸ்கோரர் தானாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று விட்டால், ஐந்தாவது இன்னிங்ஸில் பலகையில் ஒரு ஓட்டம் கூடுதலாக நிற்கும்.

தோற்ற பக்கத்துக் கோச் வருவார். அவருக்கு ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்: “ரன்னர் பந்துக்கு நேரா நின்னா சார். அதனால ஷார்ட்ஸ்டாப் நின்னுட்டா.” அவர் “நிக்கல சார்” என்றால் அது தீர்ப்பு, அதன் மேல் ப்ரொட்டஸ்ட் (முறையான ஆட்சேபம்) கிடையாது. “நின்னான்னே வச்சுக்கிடுவோம். முட்டாம எப்படி சார் அவுட்டு?” என்றால் அது விதியைப் பற்றிய கேள்வி. அதற்கு ப்ரொட்டஸ்ட் உண்டு, அடுத்த பந்து போடுவதற்குள் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த கோச்சை அம்பயர்கள் மனசுக்குள் மதிப்பார்கள். விதிநூலை விரித்துக்கொண்டு வருகிறவரைத் துரத்த வேண்டியதில்லை. ஸ்கோர் புத்தகத்தில் இன்னிங்ஸ், அவுட், யார் எந்தப் பேஸில், அடிப்பவளுக்கு எத்தனை பால் எத்தனை ஸ்ட்ரைக் என்று குறித்துக்கொண்டால் போதும்.

திரும்பிப் போகும்போது இருவரும் சேர்ந்து நடக்கக் கூடாது. அவரவர் இடத்துக்கு அவரவர். பேஸ் அம்பயர் தன் இடத்துக்கு வரும்போது ஷார்ட்ஸ்டாப் பிள்ளை மெதுவாகக் கேட்பாள்: “சார், முதல்லயே ஏன் சார் கொடுக்கல?” அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. பிட்சர் ஏற்கெனவே ரப்பரில், பந்து போட நிற்கிற பலகையில், கால் வைத்துவிட்டாள். இந்த முறை பந்து அடிபட்டதும் ரன்னரைப் பார்க்க வேண்டும், ஷார்ட்ஸ்டாப்பின் முதுகை அல்ல. அதற்கு இடதுபக்கம் இரண்டு எட்டு தள்ளி நின்றாக வேண்டும்.